வண்டியில் நின்று யுத்தம் நடத்திய தளபதி

யுத்தம் நடக்கும்போது தளபதி எங்கே இருக்க வேண்டும்? படைக்கு முன்னால் நிற்க வேண்டுமா, பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இது மிகப் பழைய கேள்வி. முன்னால் நின்றால் கண்ணுக்கு எட்டிய இடம் மட்டுமே தெரியும். பத்து மைலுக்கு அப்பால் தன் படைக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியாது. பின்னால் இருந்தால் எல்லா இடங்களிலிருந்தும் செய்தி வரும். ஆனால் வந்து சேரும்போது அது பழைய செய்தியாகி இருக்கும். திருதராஷ்டிரனுக்கு வாய்த்தது போல ஒரு சஞ்சயன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை!

இந்தக் கேள்விக்கு ஒரு வண்டியைக் கொண்டு விடை சொன்னவர், ஜெர்மன் தளபதி ஹைன்ஸ் குடேரியன். இரும்புத் தகடு போர்த்து, உள்ளே ரேடியோக்களை நிறைத்து, டாங்கிகளோடு சேர்ந்து ஓடக்கூடிய வண்டி அது. அதில் நின்றுகொண்டே போலந்து, பிரான்ஸ், ருஷ்யா ஆகிய மூன்று நாடுகளிலும் அவர் படை நடத்தினார். இரண்டாவது உலக மகா யுத்தத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஜெர்மனி பெற்ற வெற்றிகளில் அந்த வண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

குடேரியனின் வாழ்க்கை சாமர்த்தியத்தின் கதை, துணிச்சலின் கதை. ஆனால் அந்தத் துணிச்சல் எந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது என்பதுதான் அந்த வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

தந்திப் படை வாலிபர்

1888-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி, விஸ்துலா நதிக்கரையில் உள்ள குல்ம் என்ற ஊரில் குடேரியன் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவைச் சேர்ந்த ஊர். இன்று போலந்தில் இருக்கிறது. ஹெல்ம்னோ என்று பெயர். தகப்பனார் ராணுவ அதிகாரி. மகனும் ராணுவப் பள்ளியில் படித்து, 1907-ம் ஆண்டில் தகப்பனார் தலைமை வகித்த பட்டாளத்திலேயே சேர்ந்தார்.

1912-ம் ஆண்டு அவரைக் கோப்ளென்ஸ் நகரில் இருந்த தந்திப் படைக்கு அனுப்பினார்கள். ஓர் ஆண்டு அங்கே வேலை பழகினார். கம்பியில்லாத் தந்தி அப்போதுதான் ராணுவத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பெரும்பாலான அதிகாரிகள் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகவே நினைத்தார்கள். குடேரியன் அப்படி நினைக்கவில்லை.

1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் மூண்டது. குதிரைப் படை ஒன்றோடு சென்ற கம்பியில்லாத் தந்தி நிலையத்துக்கு அவர் தலைவரானார். அந்த நிலையத்தை இழுத்துச் சென்றவையும் குதிரைகள்தாம்! செய்தி சரியான வேளைக்குப் போய்ச் சேராவிட்டால் எவ்வளவு பெரிய படையும் குருடாகிவிடும் என்பதை அங்கே அவர் கண்ணாரக் கண்டார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் நகருக்குக் கிழக்கே மார்ன் நதிக்கரையில் பெரும் போர் நடந்தது. ஜெர்மன் பிரதம தளபதி மோல்ட்கே, வெகு தொலைவில் லக்ஸம்பர்க் நகரில் இருந்தார். முன்னணிப் படைகளின் நிலைமை அவருக்குத் தெரியவில்லை. ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலை ஒரு மோட்டாரில் ஏற்றி, போய்ப் பார்த்து வரும்படி அனுப்பினார். ஹென்ட்ஷ் போன இடத்தில் குழப்பத்தைக் கண்டார்; பின்வாங்குவதற்குச் சம்மதம் கொடுத்தார். படைகள் திரும்பின. பாரிஸைப் பிடிக்கும் திட்டம் அதோடு முடிந்தது. பல லட்சம் பேர் கொண்ட சேனையின் தலைவிதி, ஒரு மோட்டாரில் போன ஒரே ஒரு மனிதரின் அபிப்பிராயத்தில் தொங்கியது!

அட்டை டாங்கிகள்

தோற்ற ஜெர்மனிக்கு 1919-ம் ஆண்டு வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை விலங்கு பூட்டியது. ராணுவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. டாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது என்பது நிபந்தனை. 1922-ம் ஆண்டில் குடேரியன் ராணுவ மோட்டார்ப் போக்குவரத்து இலாகாவுக்கு மாற்றப்பட்டார். லாரிகளில் சாமான் ஏற்றி அனுப்பும் இலாகா! பலர் அதைத் தண்டனை என்று நினைத்திருப்பார்கள். அவரோ அங்கே உட்கார்ந்து, டாங்கிகளைப் பற்றி ஆங்கிலேய நிபுணர்கள் எழுதியவற்றை எல்லாம் படித்தார்.

கையில் டாங்கி இல்லை. ஆகவே சாதாரண மோட்டார்களின் மேல் அட்டையையும் துணியையும் கட்டி, அவற்றை டாங்கிகளாகப் பாவித்து ஒத்திகை நடத்தினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1929-ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக்குப் போனபோதுதான் குடேரியன் முதன்முதலாக ஓர் உண்மையான டாங்கியை ஓட்டிப் பார்த்தார்.

டாங்கிகள் காலாட்படைக்குத் துணையாக ஊர்ந்து போக வேண்டியவை அல்ல. தனிப் படையாகத் திரண்டு பாய வேண்டியவை என்பது அவர் கொள்கை. அப்படிப் பாய்ந்தால் தளபதியும் கூடவே போக வேண்டும். போனால் எல்லாரோடும் பேசியாக வேண்டும். ஆகவே டாங்கி ஒவ்வொன்றிலும் ரேடியோ இருக்க வேண்டும் என்று வாதாடினார். ஆரம்பத்தில் சாதாரண டாங்கிகளுக்குக் கேட்கும் கருவி மட்டுமே கிடைத்தது. பேசும் கருவி தலைவர்களின் டாங்கிகளில்தான் இருந்தது. ஆனாலும் அது பெரிய மாறுதல். ஜெர்மன் ராணுவத்தில் ரேடியோவைப் பரப்பும் வேலையில் முன்நின்றவர் எரிக் ஃபெல்கீபெல் என்ற அதிகாரி. அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பெயரும் உண்டு. அப்போது ராணுவத் தலைமைக் காரியாலயத்தின் தலைவராக இருந்தவர் லுட்விக் பெக். நிதானமானவர், நிறையப் படித்தவர். டாங்கி டிவிஷனின் தளபதி எங்கே இருப்பார் என்று அவர் ஒரு சமயம் குடேரியனைக் கேட்டார். முன்னணியில் இருப்பார், ரேடியோ மூலம் உத்தரவிடுவார் என்றார் குடேரியன். பெக்குக்கு அது பிடிக்கவில்லை. தேசப்படம் விரித்த மேஜையும் டெலிபோனும் இல்லாமல் யுத்தம் நடத்த முடியுமா, ஷ்லீஃபன் எழுதியதைப் படித்ததில்லையா என்று கேட்டார். வருங்காலத்து அலெக்ஸாண்டர் வசதியான நாற்காலியில் உட்கார்ந்து டெலிபோனில் போர் நடத்துவார் என்று எழுதிவைத்த பழைய தளபதிதான் ஷ்லீஃபன். பழைய காலத்து மனிதர் என்று பெக்கைக் குடேரியன் மனத்துக்குள் தள்ளிவைத்துவிட்டார்.

1933-ம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். டாங்கிப் படையின் ஒத்திகையைப் பார்த்து மகிழ்ந்தார். குடேரியனுக்கு யோகம் பிறந்தது. 1935-ம் ஆண்டில் இரண்டாவது டாங்கி டிவிஷனுக்கு அவர் தலைவரானார். பெக்கோ, செக்கோஸ்லோவாகியாவின் மேல் படையெடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1938-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதவியை விட்டு விலகினார்.

வண்டிக்குள் என்ன இருந்தது?

ஜெர்மன் படைகளில் தளபதிகளுக்கான கவச வண்டிகள் பல விதம். எட்டுச் சக்கர ரேடியோ வண்டி ஒன்று உண்டு. டாங்கியையே மாற்றி அமைத்ததும் உண்டு. அதில் ரேடியோக்களுக்கும் தேசப்படத்துக்கும் இடம் வேண்டும் என்பதற்காகப் பீரங்கியை எடுத்துவிட்டார்கள். ஆனால் பீரங்கி இல்லாத டாங்கியைப் பார்த்தால், இதில்தான் தளபதி இருக்கிறார் என்று எதிரி கண்டுகொள்வானே! அதற்காக ஒரு பொய்ப் பீரங்கியை முன்னால் பொருத்தி வைத்தார்கள்.

பிரான்ஸில் குடேரியன் பயன்படுத்தியது 251 என்ற எண்ணுள்ள ரகம். முன்புறம் இரண்டு சக்கரம். பின்புறம் டாங்கிக்கு இருப்பது போன்ற சங்கிலிப் பட்டை. எடை எட்டு டன்னுக்கு மேல். என்ஜின் 100 குதிரைச் சக்தி. நல்ல சாலையில் மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும். உழுத வயலிலும் இறங்கிப் போகும். முன்புறத் தகட்டின் கனம் 14.5 மில்லிமீட்டர், பக்கத் தகடுகள் 8 மில்லிமீட்டர். துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். பீரங்கிக் குண்டைத் தாங்காது. மேலே கூரை கிடையாது. தளபதி எழுந்து நின்று நாலாபுறமும் பார்க்கலாம். மழையும் குண்டுச் சில்லும் உள்ளே விழவும் செய்யும்.

இந்த ரக வண்டிகள் பல வேலைகளுக்காக 15 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. தளபதிக்கான வண்டியில் போர்வீரர்கள் உட்காரும் இடத்தில் ரேடியோக்கள் அடுக்கப்பட்டிருந்தன. டாங்கிகளோடு பேசும் சிறிய ரேடியோ சில மைல் தூரமே எட்டும். டிவிஷன் காரியாலயங்களோடு தொடர்பு கொள்ள, அதிக சக்தி உள்ள வேறு ரேடியோ வேண்டும். குரலைவிடத் தந்திக் குறி அதிக தூரம் போகும். ஆகவே தந்தி அடிப்பவர்களும் உடன் சென்றார்கள். அவர்கள் முன்னால் டைப்ரைட்டர் போன்ற ஒரு பெட்டி இருந்தது. அதுதான் எனிக்மா என்ற சங்கேத யந்திரம். எழுத்துக்களைத் தாறுமாறாக மாற்றி ரகசியச் செய்தியாக்கும். வண்டியில் குடேரியன் நிற்க, முன்னால் வீரர்கள் எனிக்மாவோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று இன்றும் ஜெர்மன் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

வண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் தலைக்கு மேலே கட்டில் சட்டம் போல ஒரு பெரிய ஏரியல் நின்றது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் இது சாதாரண வண்டி அல்ல என்பது தெரிந்துவிடும். யுத்தத்தின் பிற்பகுதியில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, கண்ணுக்கு எளிதில் படாத மெல்லிய கம்பி ஏரியலை வைத்தார்கள்.

தளபதி முன்னால் போய்விட்டால் காரியாலயத்தை யார் கவனிப்பது? குடேரியனின் முறையில் அதற்கும் ஏற்பாடு இருந்தது. அவருடைய பிரதான அதிகாரி நேரிங் தேசப்படத்தோடும் டெலிபோனோடும் பின்னால் இருப்பார். தளபதி இரண்டொரு ரேடியோ வண்டிகளோடு முன்னால் திரிவார். பெக் கேட்ட மேஜையும் இருந்தது. குடேரியன் கேட்ட வண்டியும் இருந்தது.

சொந்தப் படையின் குண்டு

1939-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. குடேரியன் டாங்கிகளோடு தன் வண்டியில் எல்லையைக் கடந்தார். அந்தப் பதவியில் இருந்த தளபதி ஒருவர் கவச வண்டியில் போர்க்களத்துக்கே டாங்கிகளோடு போனது அதுவே முதல் தடவை என்று பிற்காலத்தில் அவர் பெருமையோடு எழுதினார்.

காலையில் ஒரே மூடுபனி. சுடக்கூடாது என்று உத்தரவு இருந்தும், அவருடைய சொந்தப் பீரங்கிப் படையே பனிக்குள் சுட ஆரம்பித்துவிட்டது. முதல் குண்டு வண்டிக்கு 50 கஜம் முன்னால் விழுந்தது. இரண்டாவது 50 கஜம் பின்னால் விழுந்தது. மூன்றாவது எங்கே விழும் என்று சொல்லவா வேண்டும்? வண்டியைத் திருப்பும்படி குடேரியன் கத்தினார். பயந்துபோன டிரைவர் முழு வேகத்தில் ஒரு பள்ளத்துக்குள் விட்டுவிட்டார். முன் அச்சு வளைந்தது. தளபதி காரியாலயத்துக்குத் திரும்பிப் போய் வேறு வண்டி வாங்கிக்கொண்டு வந்தார்!

அந்தப் பகுதி குடேரியனின் மூதாதையர் ஊர். அன்று அவர் போய்ச் சேர்ந்த கிராஸ் குளோனியா என்ற கிராமத்தில்தான் அவர் தகப்பனார் பிறந்தார். பாட்டனார் அடக்கமாகி இருந்தார். பூர்விக மண்ணை அவர் முதல் தடவையாகப் பார்த்தது, அதன் மேல் படையெடுத்து வந்தபோதுதான்.

காற்றில் விடாத உத்தரவு

1940-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி, குடேரியனின் மூன்று டாங்கி டிவிஷன்கள் செடான் நகரில் மியூஸ் நதியைத் தாண்டின. எதிர்ப்புறத்தில் நேச நாட்டுப் பிரதம தளபதி கமலின், பாரிஸுக்கு அருகே வின்ஸென் கோட்டையில் இருந்தார். அவருடைய காரியாலயத்தில் ஒரு ரேடியோகூடக் கிடையாது. டெலிபோனிலும், மோட்டார் சைக்கிளில் போகும் தூதர்களாலும் அவர் யுத்தம் நடத்தினார். செய்தி போய்ச் சேருவதற்குள் ஜெர்மன் டாங்கிகள் வேறு ஊரில் இருந்தன.

குடேரியனின் வேகம் ஜெர்மன் மேலதிகாரிகளையே பயமுறுத்தியது. மே 17-ந் தேதி காலையில் தளபதி கிளைஸ்ட் விமானத்தில் வந்து இறங்கினார். நிற்கச் சொன்னால் நிற்காதது ஏன் என்று கடுமையாகக் கண்டித்தார். குடேரியன் அந்த இடத்திலேயே பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னார். பிறகு தளபதி லிஸ்ட் வந்து சமாதானம் செய்துவைத்தார். குடேரியனின் காரியாலயம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எதிரியின் நிலைமையை அறிவதற்காக மட்டும் படை கொஞ்சம் முன்னால் போகலாம் என்று முடிவாயிற்று.

குடேரியன் என்ன செய்தார் தெரியுமா? காரியாலயத்தை அசைக்கவே இல்லை. அவர் மட்டும் முன்னால் போனார். போகும்போது காரியாலயத்திலிருந்து தம் புதிய இருப்பிடம் வரையில் ஒரு டெலிபோன் கம்பியை இழுத்துக்கொண்டு போனார். ரேடியோவில் உத்தரவிட்டால் மேலிடத்து ஒற்றுக் கேட்கும் நிலையங்கள் கேட்டுவிடும் அல்லவா? கம்பியில் பேசினால் கேட்காது! கம்பியில்லாத் தந்தியை ராணுவத்துக்குப் பழக்கிய மனிதர், தன் மேலதிகாரிகளை ஏமாற்றப் பழைய கம்பிக்குத் திரும்பினார். மே 20-ந் தேதி அவருடைய டாங்கிகள் கடற்கரைக்கு அருகே அபெவில் நகரை எட்டின. பிரிட்டிஷ் சேனையும் பிரெஞ்சு சேனையின் ஒரு பகுதியும் வளைக்கப்பட்டன.

ஆனால் மே 24-ந் தேதி டன்கர்க்குக்கு அருகே நிற்கும்படி ஹிட்லரின் உத்தரவு வந்தபோது அவரும் நின்றார். அந்த இடைவெளி நேச நாடுகளுக்கு உதவியது. மூன்று லட்சத்து 38 ஆயிரம் பேர் கப்பலேறித் தப்பினார்கள்.

இன்னொரு விஷயம் குடேரியனுக்குக் கடைசிவரை தெரியாது. அதே மே மாதத்தில் பிரிட்டனில் பிளெச்லி பார்க் என்ற இடத்தில் இருந்த நிபுணர்கள், ஜெர்மன் விமானப் படையின் எனிக்மா செய்திகளைத் தொடர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தரைப்படையின் சங்கேதம் இன்னும் கடினமாக இருந்தது; பிறகு அதிலும் பல உடைந்தன. 1974-ம் ஆண்டில்தான் இந்த ரகசியம் பொது மக்களுக்குத் தெரிய வந்தது.

ருஷ்யப் பனியில்

1941-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி ருஷ்யாவின் மேல் படையெடுப்பு தொடங்கியது. குடேரியன் படகில் பக் நதியைக் கடந்தார். பின்னால் இரண்டு ரேடியோ வண்டிகள் வந்தன. இரண்டு நாள் கழித்து ஸ்லோனிம் நகருக்கு அருகே அவருடைய வண்டி ருஷ்யக் காலாட்படையின் நடுவே சிக்கிக்கொண்டது. முழு வேகத்தில் ஓட்டும்படி டிரைவருக்கு உத்தரவிட்டு, அவர்களுக்கு ஊடே பாய்ந்து தப்பினார். ருஷ்யர்கள் திகைத்துப்போய்ச் சுடவே மறந்துவிட்டார்கள். குடேரியன் இறந்துவிட்டதாக ருஷ்யப் பத்திரிகைகள் எழுதின. ஜெர்மன் ரேடியோ அதை மறுக்க வேண்டியதாயிற்று!

டிசம்பரில் மாஸ்கோவுக்குத் தெற்கே டூலா நகருக்கு முன்னால் படை உறைந்து நின்றது. குளிர்கால உடுப்பு இல்லை. பின்வாங்காமல் மண்ணைத் தோண்டிப் பதுங்கும்படி ஹிட்லர் உத்தரவிட்டார். டிசம்பர் 20-ந் தேதி குடேரியன் நேரில் போய் ஐந்து மணி நேரம் வாதாடினார். பூமி ஐந்து அடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கிறது, மண்வெட்டி இறங்காது என்று எடுத்துச் சொன்னார். பயனில்லை. டிசம்பர் 26-ந் தேதி பதவி பறிபோயிற்று.

தன் வீரர்களுக்காக ஹிட்லரின் முகத்துக்கு நேரே பேசிய தைரியம் சாமானியமானதல்ல. ஆனால் படையெடுப்பின்போது சிறைபிடிக்கப்பட்ட ருஷ்ய அரசியல் அதிகாரிகளைச் சுட்டுக் கொல்லும்படி ஓர் உத்தரவு இருந்தது. அது தன் படையில் அமலாகவில்லை என்று குடேரியன் பின்னாளில் எழுதினார். அவருடைய படைப் பிரிவுகளும் அதை நிறைவேற்றின என்று சரித்திர ஆசிரியர்கள் ஆவணங்களிலிருந்து நிரூபித்திருக்கிறார்கள். அதற்காக அவர் ஹிட்லரிடம் போய் ஐந்து மணி நேரம் வாதாடவில்லை.

இரண்டு மனிதர்கள்

1943-ம் ஆண்டு மார்ச்சு மாதம் டாங்கிப் படைகளின் பிரதம மேற்பார்வையாளராக ஹிட்லர் அவரைத் திரும்ப அழைத்தார். போலந்தில் பறித்த நிலத்தில் ஒரு பெரிய எஸ்டேட்டும் கொடுத்தார். குடேரியன் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில், ஹிட்லரின் ஆட்சியை ஒழிக்க விரும்பிய கோர்டலர் அவரைச் சந்தித்து உதவி கேட்டார். குடேரியன் மறுத்துவிட்டார்.

1944-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ஹிட்லரின் முகாமில் வெடிகுண்டு வெடித்தது. ஹிட்லர் பிழைத்துக்கொண்டார். சதிக்குத் தலைவராக இருந்தவர் யார்? மேஜையும் டெலிபோனும் கேட்ட பெக்! அன்றிரவே பெர்லினில் அவர் உயிரிழந்தார். குண்டு வெடித்ததும் முகாமின் டெலிபோனையும் ரேடியோவையும் துண்டிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? ராணுவத்துக்கு ரேடியோவைக் கொடுத்த ஃபெல்கீபெல்லுடையது! அன்றிரவே அவரும் கைதானார்.

மறுநாள் குடேரியனுக்குப் புதிய பதவி கிடைத்தது. ராணுவத் தலைமைக் காரியாலயத்தின் தலைவர் பதவி. ஒரு காலத்தில் பெக் வகித்த அதே பதவி. சில நாட்களில், அந்தக் காரியாலயத்து அதிகாரி ஒவ்வொருவரும் நாஜிக் கொள்கையைப் போதிக்கும் தலைவராக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சதிகாரர்களை ராணுவத்திலிருந்து நீக்குவதற்காக ஹிட்லர் ஒரு கௌரவ நீதிமன்றத்தை அமைத்தார். குடேரியன் அதில் ஓர் அங்கத்தினர். குற்றம் சாட்டப்பட்டவர்களை அழைத்துக் கேட்காமலே, 50-க்கு மேற்பட்ட அதிகாரிகளை அந்த நீதிமன்றம் விலக்கியது. விலக்கப்பட்டவர்களை மக்கள் நீதிமன்றம் என்ற கொலைக்களம் வாங்கிக்கொண்டது. அவர்களில் ஒருவர் ஃபெல்கீபெல். செப்டம்பர் 4-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

கடைசி நாட்கள்

1945-ம் ஆண்டின் ஆரம்பத்தில் குடேரியன் மறுபடியும் ஹிட்லரோடு சண்டையிட்டார். எல்லாம் படைகளை எங்கே நிறுத்துவது என்ற சண்டைதான். மார்ச்சு 28-ந் தேதி பதவியை இழந்தார். மே மாதம் அமெரிக்கர்களிடம் கைதியானார். அவர் மேல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 1948-ம் ஆண்டில் விடுதலை பெற்று, தன் வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகம் பல நாடுகளில் விற்பனையாயிற்று. 1954-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி பவேரியாவில் ஷ்வாங்கௌ என்ற ஊரில் காலமானார்.

வண்டியில் நின்று படை நடத்தும் முறை அவரோடு மறையவில்லை. இன்று எல்லா நாட்டு டாங்கிப் படைகளிலும் தளபதிக்கென்று கவச ரேடியோ வண்டி உண்டு. அந்த வகையில் பெக்கோடு நடந்த விவாதத்தில் வென்றவர் குடேரியன்தான்.

ஆனால் விவாதம் அதோடு முடியவில்லை. வேகமாகப் போவதற்காக மேலதிகாரியின் உத்தரவைச் சாமர்த்தியமாக மீற அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகப் பல மைல் கம்பி இழுக்கவும் அவர் தயங்கவில்லை. போகும் பாதையே அதர்மம் என்று தெரிந்தபோது மீறியவர்கள் பெக்கும் ஃபெல்கீபெலும். குண்டு விழும் இடத்தில் கூரையில்லாத வண்டியில் நிற்பது தைரியம்தான். அதைவிடப் பெரிய தைரியம் ஒன்று உண்டு என்பதை, அவர் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கிய பெக் உயிரைக் கொடுத்து உலகத்துக்குக் காட்டினார்.